ரேபிஸ் ஒன்று, வாசல் பல: ராமநாதபுரத்தில் இருந்துகொண்டே ஆய்வுக்கட்டுரை தேட எந்த இலவசச் சேவை உதவும்?

ராமேஸ்வரம் தீவில் தெருநாய்களுக்கு வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி போடுவது எப்படி என்று ஒருவர் பிஎச்.டி.க்குத் தலைப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தலைப்பு. தரைவழியாக நாய் வந்துபோக ஒரு சாலைப் பாலமும் ஒரு ரயில் பாலமும்தான். கணக்கெடுப்பு மற்ற ஊர்களைவிடச் சுத்தமாக வரும். ஆனால் தலைப்பு மூன்று துறையில் கால் வைக்கிறது. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் பரவல் அறும் என்பது கால்நடை மருத்துவம். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துத் தங்கச்சிமடத்துக்கும் அரிச்சல்முனைப் பக்கமும் யார், எந்த வண்டியில், எத்தனை மணிக்குள் கொண்டுபோவது என்பது மேலாண்மை. கடித்த இடத்தில் நுழைந்த வைரஸ் நரம்பின் ஆக்ஸான் என்ற நீண்ட இழை வழியே பின்னோக்கி ஏறி மூளையைப் பிடிப்பது நரம்பறிவியல்.

இந்த ஒரே தலைப்பை உரைகல்லாக வைத்து, காசு கேட்காத தேடல் சேவைகளைப் பார்ப்போம். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர்கள் பலரும் கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலரோடு நின்றுவிடுகிறார்கள். அல்லது பஜாரில் உள்ள பிராஜெக்ட் சென்டரில் பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இங்கேதான் சரக்கு அதிகம். 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். 3.7 கோடிக்கு மேல் கட்டுரைக் குறிப்புகள். மனித மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைத்துக் கால்நடை மருத்துவர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். அது தப்பு. இதன் பலமே மெஷ் என்ற தலைப்புச் சொல் தொகுதி. ஒவ்வொரு கட்டுரைக்கும் அது எதைப் பற்றியது என்று நிர்ணயித்த சொற்களால் குறி போடுவார்கள். கட்டுரையாளர் ரேபிஸ் என்று எழுதினாலும் ஹைட்ரோபோபியா என்று எழுதினாலும் ஒரே தலைப்பின் கீழ் வந்து விழும்.

செய்முறை இப்படி. முதல் பக்கத்தில் மெஷ் டேட்டாபேஸ் என்ற இணைப்பு இருக்கும். அதில் ரேபிஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் தலைப்பும், அதன் கீழே கட்டம் கட்டமாகத் துணைத்தலைப்புகளும் வரும். அவற்றில் வெட்டரினரி என்று ஒன்று உண்டு. விலங்குகளுக்கு இயல்பாக வரும் நோய் பற்றிய கட்டுரைகளுக்குப் போடும் குறி அது. அதை மட்டும் டிக் செய்து, தேடல் பெட்டியில் சேர்த்து அனுப்புங்கள். மனிதரைப் பற்றிய மருத்துவமனைக் கட்டுரைகள் பெரும்பாலும் கழன்றுவிடும். அதோடு டாக்ஸ், மாஸ் வாக்சினேஷன் என்ற தலைப்புகளை ஆண்ட் போட்டு இணைத்தால், ஒரு மாலையில் தலைப்பு வாரியாகப் படித்து முடிக்கும் அளவுக்குப் பட்டியல் சுருங்கும். ஆண்ட் (எல்லாம் இருக்க வேண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), நாட் (இருக்கக் கூடாது) மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

நரம்பறிவியல் பக்கம் போகும்போதுதான் வேடிக்கை. அங்கே ரேபிஸ் ஒரு நோய் மட்டுமல்ல, ஒரு கருவியும். எந்த நரம்புச் செல் எதோடு இணைந்திருக்கிறது என்று வரைபடம் போட இந்த வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். 2007-ல், செல் விட்டுச் செல் தாவ உதவும் ஜி புரதத்தின் மரபணுவை நீக்கிய வைரஸ் வந்தபிறகு, ஒரே ஒரு சினாப்ஸ் (நரம்புச் செல்களின் இணைப்பு) தாண்டி நின்றுவிடும்படி அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. அதனால் வெறும் ரேபிஸ் வைரஸ் என்று தேடினால் எலியின் மூளைச் சுற்று பற்றிய கட்டுரைகளும் கூட்டத்தோடு வந்து நிற்கும். நாய்க்கு ஊசி போட வந்தவருக்கு இது இடைஞ்சல். நரம்பறிவியல் அத்தியாயம் எழுதுகிறவருக்கு இதுதான் வேண்டும். பிரிக்கும் சாவி நியூரோஅனடாமிக்கல் டிராக்ட்-டிரேசிங் டெக்னிக்ஸ் என்ற மெஷ் தலைப்பு. வேண்டுமென்றால் ஆண்ட், வேண்டாமென்றால் நாட். ஆனால் நாட் கத்தி மாதிரி: இரண்டையும் பேசும் நல்ல கட்டுரையையும் சேர்த்தே வெட்டிவிடும். முதலில் நாட் இல்லாமல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இங்கே வழக்கமாக மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, இடது ஓரத்தில் இருக்கும் விலங்குகள் என்ற வடிகட்டியை அழுத்துவது. அது மெஷ் குறியை நம்பி வேலை செய்கிறது. குறி போடாத புத்தம்புதுக் கட்டுரைகளும், அந்தக் குறிமுறைக்குள் வராத இதழ்களின் கட்டுரைகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். இரண்டு, சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுவது அல்லது கடைசியில் நட்சத்திரக் குறி வைப்பது. போட்ட உடனே, பப்மெட் தானாகச் செய்யும் சொல் பொருத்தம் நின்றுவிடும். முடிவு குறைந்ததைப் பார்த்து ஆய்வே நடக்கவில்லை, இதுதான் ஆய்வு இடைவெளி என்று முதல் அத்தியாயத்தில் எழுதிவிடுகிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பிடிக்கும் முதல் இடம் அதுதான். மூன்று, தேடிய சொற்றொடரைக் குறித்து வைக்காதது. அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில் ஹிஸ்டரி இருக்கும். அதில் டீடெய்ல்ஸ் அம்பை அழுத்தினால் உங்கள் சொல்லை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று முழுதாகக் காட்டும். அதை அப்படியே நகலெடுத்து, தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வைத்தால் ஆய்வுமுறை அத்தியாயத்தில் பாதி வேலை முடிந்தது.

பழைய காலத்துக் கட்டுரைகளுக்கும் பப்மெட் நல்ல துணை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் இன்னும் பயந்து சொல்வார்களே, அது 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசியின் வழிவந்தது. ஆட்டு மூளைத் திசுவில் தயாரானது. அதில் கலந்திருந்த, நரம்பு உறையில் உள்ள மயலின் புரதத்தை எதிர்த்து உடல் கிளம்பி, சிலருக்கு மூளை அழற்சியும் பக்கவாதமும் வந்தன. அந்தப் பக்கவிளைவுகள் பற்றிய கட்டுரைகள், ஒரு தடுப்பூசி வரலாறாகவும் நோய்த்தடுப்பு நரம்பியலாகவும் ஒரே நேரத்தில் படிக்கத் தக்கவை. மூன்று துறை ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

மேலாண்மைக்கு பப்மெட் கைவிடுமா? முழுதாக இல்லை. காஸ்ட்-பெனிஃபிட் அனாலிசிஸ், ரெஃப்ரிஜிரேஷன் என்ற மெஷ் தலைப்புகள் குளிர்சங்கிலி, செலவுக் கணக்குக் கட்டுரைகளைக் கொண்டுவரும். ஆனால் ஊழியர் ஊக்கம், நிறுவன நடத்தை, விநியோகச் சங்கிலிக் கோட்பாடு என்று போனால் கை விரித்துவிடும். நேர்மையாகச் சொன்னால் மூன்று துறையில் இலவசத் தேடல் நொண்டுவது மேலாண்மையில்தான். அத்துறையின் பெரிய தரவுத்தளங்கள் எல்லாம் கட்டணம். எஸ்எஸ்ஆர்என் என்ற இணையக் களஞ்சியத்தில் முன்பதிப்புகள் நிறைய உண்டு. ஆனால் அவை சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கடக்காதவை, அப்படியே குறிப்பிட வேண்டும். அகமதாபாத் ஐஐஎம்-இன் விகல்பா இதழ் திறந்த அணுக்கம், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கலாம். அதைத் தாண்டி, டோஜ் என்று சுருக்கிச் சொல்லும் திறந்த அணுக்க இதழ் அட்டவணையில் துறை வாரியாகப் புகுவதுதான் வழி.

இந்தக் குறையை ஓரளவு அடைக்க வந்ததுதான் ஒரே நாடு ஒரே சந்தா என்ற மத்திய அரசுத் திட்டம். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ் எல்லாம் உள்ளே. கேட்க இனிக்கிறது. ஆனால் வாசலில் ஒரு காவல்: மத்திய, மாநில அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் மட்டும்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, சேதுபதி அரசு கலைக்கல்லூரி போன்றவை இந்த வகைக்குள் வருகின்றன. சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கு அவர் கல்லூரி வழியாகக் கதவு திறக்காது. அவர் பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகம் அரசுடையது என்றால், காரைக்குடியோ மதுரையோ, அதன் நூலகத்தில் ஆய்வாளர் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்பதுதான் முறை. அரசுக் கல்லூரியிலும் யாராவது நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தால்தான் நடக்கும். நூலகரிடம் முதலில் அதைக் கேளுங்கள். வளாக இணையத்தில் நேராகத் திறக்கும். வீட்டிலிருந்து திறக்க வேண்டுமென்றால் நூலகம் தரும் தனிக் கணக்கு தேவை. இன்னொன்று: இது இதழ்களைத் தருகிறது, தேடித் தருவதில்லை. பப்மெட்டில் கண்டுபிடித்து இங்கே திறப்பது என்று இரண்டையும் கோத்தால்தான் பலன்.

இந்தக் கதவும் மூடியிருக்கிறவர்களுக்கு அன்பேவால் என்ற உலாவி நீட்சி போதும். பூட்டிய கட்டுரைப் பக்கத்தில் ஓரமாக ஒரு பூட்டுச் சின்னம் தெரியும். பச்சையாக இருந்தால் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது, அழுத்தினால் கொண்டுபோய் விடும். சாம்பல் நிறம் என்றால் இல்லை. அப்போது கட்டுரையாளருக்கே நாலு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சோத்கங்கா பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். காந்திநகரில் உள்ள பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிளிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம்; 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள். ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் ஒரே கோப்பாக இருக்காது. 01 தலைப்புப் பக்கம், பிறகு முன்பக்கங்கள், பொருளடக்கம், அத்தியாயங்கள் என்று எண் போட்டு வெட்டி வைத்திருப்பார்கள். வரிசையில் 80 என்று தொடங்கும் பரிந்துரை என்ற கோப்பு ஒன்று இருக்கும். பெரும்பாலும் தலைப்புப் பக்கமும் கடைசி அத்தியாயமும் அதில் சேர்ந்தே இருக்கும். முதலில் அதை மட்டும் இறக்குங்கள். உருப்படியான முடிவு இருந்தால் மற்றதை எடுக்கலாம். செல்போன் டேட்டாவும் மிஞ்சும்.

மேலாண்மை ஆய்வேடுகள் இங்கே குவிந்து கிடக்கின்றன. முக்கால்வாசி ஒரே அச்சு: ஒப்புதல் முதல் மறுப்பு வரை கேட்கும் ஐந்து புள்ளி லிக்கர்ட் அளவுகோல், க்ரோன்பாக் ஆல்பா என்ற நம்பகத்தன்மை அளவு 0.7-க்கு மேல், ஊருக்கு ஊர் வாடிக்கையாளர் திருப்தி. படிக்க வேண்டியது அத்தியாயங்களை அல்ல, பின்னிணைப்பில் இருக்கும் வினாத்தாளை. ஏற்கெனவே தமிழில் கேட்டுச் சோதித்த கேள்விகள் கிடைத்தால், தெருநாய்க்குச் சோறு போடுகிறவர்களிடமும் கருவாட்டுத் தளத்தில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்க நீங்கள் தயாரிக்கும் வினாத்தாளுக்கு அது அடித்தளம். யாருடையது என்று குறிப்பிட்டு அனுமதி கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வில் இருக்கும் மேற்கோள்களை மூலம் பார்க்காமல் எடுத்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒருவர் ஆண்டைத் தப்பாக அடித்திருந்தால் அந்தத் தப்பு பத்து ஆய்வேட்டில் பரம்பரையாக ஓடும்.

கால்நடை மருத்துவத்தில் முதுநிலை ஆய்வேடு தேடுகிறவர்களுக்கு சோத்கங்கா சரிப்படாது. அது பெரும்பாலும் பிஎச்.டி. களஞ்சியம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கிருஷிகோஷ் களஞ்சியத்தில் எம்.வி.எஸ்சி. ஆய்வேடுகளும் உண்டு. சிகிச்சை அளவு, ரத்தப் பரிசோதனை முறை, தடுப்பூசிக்குப் பிந்தைய எதிர்ப்பொருள் அளவு போன்ற கைவேலை விவரம் பிஎச்.டி.யைவிட இவற்றில்தான் பச்சையாகக் கிடைக்கும். சில ஆய்வேடுகள் பூட்டப்பட்டிருக்கும். அப்போது எழுதிய பல்கலைக்கழக நூலகத்தைத்தான் அணுக வேண்டும். சென்னைக் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு ராமநாதபுரத்திலேயே பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நேரில் போய் விசாரிப்பது லேசு.

நம் கரைக்கென்றே வாய்த்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இ-பிரின்ட்ஸ் களஞ்சியம். 1947-ல் தொடங்கிய நிறுவனம். 1949 முதல் 1971 வரை தலைமையகமே மண்டபம் முகாம்தான், பிறகு கொச்சிக்குப் போனது. அதனால் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா பற்றிய பழைய கட்டுரைகள் இங்கே கிடைக்கும் அளவுக்கு வேறெங்கும் கிடைக்காது. நாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தெருநாய் கூடுவது மீன் இறங்குதளத்தில். எந்தெந்த ஊரில் இறங்குதளம், எத்தனை மீனவக் குடும்பம் என்று 2010, 2016 கடல்மீன்வளக் கணக்கெடுப்புகளில் உள்ளது. மாதிரி ஊர்களைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல சட்டகம் இல்லை. இதோடு 2019 கால்நடைக் கணக்கெடுப்பின் நாய் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எத்தனை டோஸ் மருந்து வேண்டும் என்று ஓர் உத்தேசம் கிடைக்கும். கணக்கெடுப்புக்குப் பிறகு பிறந்த குட்டிகளைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் களத்தில் மருந்து பற்றாது.

இந்தக் களஞ்சியத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் வில்லன். பழைய கட்டுரைகளில் ஊர் ராம்நாட் என்றுதான் இருக்கும். ராமேஸ்வரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், தூத்துக்குடிக்கு டூட்டிகோரின். எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய பள்ளம் எல்லையில் இருக்கிறது. 1985-ல்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய அட்டவணையில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும் ஆடு, மாடு, நாய் எண்ணிக்கையில் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அடக்கம். அதை இன்றைய எண்ணோடு வைத்து, கால்நடை வளம் சரிந்துவிட்டது என்று வரைபடம் போட்டால் முழு அத்தியாயமும் விழும்.

நரம்பறிவியல் மாணவர்களுக்கு இந்தக் கரையில் இன்னொரு சுரங்கமும் உண்டு: கூம்பு நத்தை. அதன் நஞ்சில் உள்ள சிறு புரதங்கள் நரம்பின் அயனி வாயில்களைக் குறிபார்த்து அடைப்பவை. கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நஞ்சிலிருந்து வந்த சிக்கோனோடைடு 2004-ல் அமெரிக்காவில் வலிநிவாரணியாக அனுமதி பெற்றது. இந்தியக் கரை இனங்களின் நஞ்சை கே.எஸ். கிருஷ்ணனும் பி. பலராமும் ஆராய்ந்திருக்கிறார்கள். இனத்தின் பரவல் இ-பிரின்ட்ஸில், நஞ்சின் வேதியியல் பப்மெட்டில். நாய்த் தலைப்பு சலித்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பலாம்.

கூகுள் ஸ்காலரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எதைத் தேடினாலும் அதிகபட்சம் 1,000 முடிவுகள்தான் காட்டும், மேலே எத்தனை லட்சம் என்று போட்டிருந்தாலும். எந்த வரிசையில் காட்டுகிறது என்பதை நாம் கட்டுப்படுத்த முடியாது. போலி இதழும் நல்ல இதழும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள சைட்டெட் பை இணைப்பு தங்கம்: அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளைக் காட்டும். அதை அழுத்தி, மேலே உள்ள கட்டத்தில் அந்தக் கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்பதை டிக் செய்து, இந்தியா என்று தட்டினால் நமக்கு வேண்டியது வரும். மேலாண்மைக் கட்டுரைகளை விரட்டிப் பிடிக்க இதைவிட வழியில்லை. ஆக, தேடலைத் தொடங்க அல்ல, தொடர.

பெயர் தேடுவதில் ஒரு நம்மூர்ச் சிக்கல். செ. முருகன் என்று எழுதும் ஒருவர், வெளிநாட்டு இதழ் குடும்பப் பெயர் கேட்டதும் அப்பா பெயரை விரித்துக் கடைசியில் போட்டிருப்பார். அதன்பிறகு களஞ்சியத்தில் அவர் செல்வம் எம். ஆகிவிடுவார். ஒரே ஆளை இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஜொட்டேரோ போன்ற மேற்கோள் மென்பொருளில் இறக்கிய பின்பும் பெயரைக் கையால் சரிபாருங்கள். ஜொட்டேரோ இலவசம்தான், ஆனால் இணையச் சேமிப்பு 300 மெகாபைட் வரைதான் காசில்லாமல். பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு குறிப்புகளை மட்டும் இணையத்தில் ஒத்திசைத்தால் அந்த அளவே தாராளம். மேலாண்மைக்கு ஏபிஏ என்ற மேற்கோள் பாணி, கால்நடை இதழ்களுக்கு இதழுக்கு ஒரு வடிவம். பாணியை மாற்ற ஒரு சொடுக்கு.

பிராஜெக்ட் சென்டர்களும், சில நாளில் கட்டுரை அச்சாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ் முகவர்களும் விற்பது நேரத்தை அல்ல, பிரச்சினையை. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது வெறும் பதிவு எண், தர முத்திரை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலில் இருக்கிறது என்பார்கள். அந்தப் பட்டியலையே 2025-ல் யுஜிசி கைவிட்டுவிட்டது. அவர்கள் தரும் மேற்கோள் பட்டியலில் இப்போது சாட்பாட் கற்பனை செய்த கட்டுரைகளும் கலந்து வருகின்றன. டிஓஐ என்பது கட்டுரையின் நிரந்தர அடையாள எண்; ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் டிஓஐ தளத்தில் ஒட்டிப் பாருங்கள். திறக்கவில்லை என்றாலும் வேறு கட்டுரை திறந்தாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஆய்வேடு கொடுக்கும் முன் ஒப்புமைச் சோதனை பற்றி, அதாவது பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது பற்றி. 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை ஓராண்டு தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் ஆதாரத்தோடு காட்டிய பகுதியும், நூற்பட்டியலும், முன்பக்கங்களும் கணக்கில் வராது. எதேச்சையாக ஒத்துப்போகும் சொற்றொடரும் தொடர்ந்து 14 சொற்கள் வரை விதிவிலக்கு. இந்த விலக்குகளைச் சோதனை மென்பொருளில் யாராவது அமைப்பில் போட்டால்தான் கழியும். அறிக்கை 23 சதவீதம் என்று வந்தால் பதறி வாக்கியங்களைப் புரட்டிப் போடுவதற்கு முன், நூற்பட்டியலைக் கழித்துத்தான் ஓட்டினார்களா என்று நூலகரிடம் கேளுங்கள்.